கேம்பேட் வாங்கப் போகிறீர்களா? நீண்ட நாள் உழைப்பதைப் பார்த்து வாங்குங்கள்!

புதுக் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த முதல் சில மாதங்களில் அதிகமாக அடி வாங்குவது எது தெரியுமா? கீ போர்டுதான். அப்பா கணக்கு எழுதவும் அக்கா அசைன்மென்ட் டைப் செய்யவும் வாங்கிய கீ போர்டில் பிள்ளைகள் கார் பந்தயம் ஓட்டுகிறார்கள். நான்கு அம்புக் குறி கீகளும் ஸ்பேஸ் பாரும் மாலை முழுவதும் குத்து வாங்குகின்றன. டெஸ்க்டாப் என்றால் பரவாயில்லை. சில நூறு ரூபாய்க்கு வேறு கீ போர்டு வாங்கி மாட்டிவிடலாம். லேப்டாப்பில் ஸ்பேஸ் பார் போய்விட்டால் செலவும் அதிகம், கம்ப்யூட்டரையே சர்வீசுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும்.

இதற்காகப் பிள்ளைகளின் விளையாட்டை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு கேம்பேட் வாங்கிக் கொடுத்தால் போதும். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கட்டை விரல்களால் விளையாடும் அந்தச் சாதனத்தை நம் கடைக்காரர்கள் இன்னும் ஜாய்ஸ்டிக் என்றே சொல்வார்கள். சரி, எதை வாங்குவது? கடையில் அடுக்கி வைத்திருக்கும் எல்லா கேம்பேடுகளும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஒன்று எண்ணூறு ரூபாய், இன்னொன்று மூவாயிரம், மற்றொன்று ஐந்தாயிரத்துக்கும் மேல். விலை அதிகமானது நிச்சயம் அதிக நாள் உழைக்கும் என்று நினைத்தால், அதுவும் உண்மை இல்லை.

எங்கள் ஊர் சேர்வராயன் மலையில் உள்ள வாழவந்தி. சேலத்தில் வாங்கிய பொருள் கெட்டுப்போனால் ஏற்காட்டுக்கு வந்து, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். பழுது பார்த்துக் கொடுத்த பிறகு மறுபடியும் ஒரு நாள் போய் வாங்கி வர வேண்டும். இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு பொருளின் விலையைவிட அது தரும் அலைச்சல்தான் பெரிய செலவு. ஆகவே, இந்தக் கட்டுரையில் எந்த கேம்பேட் அழகாக இருக்கிறது, எதில் அதிக விளக்குகள் எரிகின்றன என்று பார்க்கப் போவதில்லை. எது அதிக நாள் உழைக்கும், எதற்குப் பராமரிப்பு குறைவு என்பதை மட்டும் பார்ப்போம்.

கீ போர்டில் விளையாடினால் என்ன?

கீ போர்டு டைப் செய்வதற்காக உருவானது. விலை குறைந்த கீ போர்டுகளில் எல்லாக் கீகளும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் சில மின் பாதைகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதனால் மூன்று நான்கு கீகளைச் சேர்த்து அழுத்தும்போது, அவற்றில் ஒன்று கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேராமலே விடுபட்டுவிடும். ஒரே கீ போர்டில் அண்ணனும் தம்பியும் விளையாடும்போது, "நான் அழுத்தினேன், வேலை செய்யவில்லை" என்று சண்டை வருவது இதனால்தான். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கீ ஒன்றை அழுத்தலாம் அல்லது விடலாம். நடுவில் எதுவும் இல்லை. கேம்பேடில் உள்ள ஸ்டிக் அப்படி இல்லை. கொஞ்சம் சாய்த்தால் கார் கொஞ்சம் திரும்பும், முழுவதும் சாய்த்தால் முழுவதும் திரும்பும். விண்டோஸ் சிஸ்டத்தில் எக்ஸ்பாக்ஸ் வகை கேம்பேடின் ஸ்டிக், ஒவ்வொரு திசையிலும் மைனஸ் 32768 முதல் 32767 வரை எண்களாகத் தன் நிலையைச் சொல்கிறது. நடுவில் இருந்தால் பூஜ்யம். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பழுது எப்படி வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள இவை உதவும்.

முதலில் கெடுவது ஸ்டிக்தான்

ஒரு கேம்பேடில் தேய்ந்து போகக்கூடிய பாகங்கள் நான்கு. கட்டை விரலால் அசைக்கும் இரண்டு ஸ்டிக்குகள், மேலே உள்ள பட்டன்கள், ஆட்காட்டி விரலால் இழுக்கும் டிரிகர்கள், கடைசியாக ஒயர் அல்லது பேட்டரி. இவற்றில் பெரும்பாலும் முதலில் போவது ஸ்டிக்.

பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருகினால் கர கரவென்று சத்தம் வரும் அல்லவா? அந்தக் குமிழுக்குள் பொட்டென்ஷியோமீட்டர் என்ற ஒரு பாகம் இருக்கிறது. கரிப் பூச்சு பூசிய பாதையின் மேல் ஒரு சிறிய உலோக விரல் உரசிக்கொண்டே நகரும். நாளடைவில் கரிப் பூச்சு தேயும், தூள் சேரும். அதனால்தான் கர கர சத்தம். இன்று விற்கும் பெரும்பாலான கேம்பேடுகளின் ஸ்டிக்கிலும் இதே பாகம்தான், சிறிய அளவில் இருக்கிறது. ஒரு ஸ்டிக்குக்கு இரண்டு. ஒன்று இடது வலது அசைவுக்கு, மற்றொன்று மேலும் கீழும்.

இந்தக் கரிப் பாதை தேய்ந்தால், நீங்கள் கையை எடுத்த பிறகும் ஸ்டிக் பூஜ்யத்தைச் சொல்லாது. 3000 என்றோ 9000 என்றோ சொல்லிக்கொண்டிருக்கும். திரையில் என்ன நடக்கும்? நீங்கள் தொடாமலே கார் ஒரு பக்கம் இழுக்கும், ஆள் தானாக நடப்பான். இந்த நோய்க்கு டிரிஃப்ட் என்று பெயர்.

டிரிஃப்ட் மலிவான கேம்பேடுகளில் மட்டும் வருவதாக எண்ண வேண்டாம். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 2017 மார்ச்சில் வெளியிட்ட ஸ்விட்ச் என்ற விளையாட்டுச் சாதனத்தின் ஜாய்கான் கன்ட்ரோலர்களில் இந்தப் பிரச்சினை பெரிதாக எழுந்தது. 2019 ஜூலையில் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். 2020 ஜூனில் அந்த நிறுவனத்தின் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா, வாடிக்கையாளர்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருத்தம் தெரிவித்தார். சோனியின் பிளேஸ்டேஷன் 5 உடன் 2020ல் வந்த கன்ட்ரோலரையும் அடுத்த ஆண்டு ஐஃபிக்ஸிட் என்ற ரிப்பேர் நிபுணர் குழு பிரித்துப் பார்த்தது. ஸ்டிக்கைத் தயாரித்த நிறுவனமே அதன் ஆயுள் 20 லட்சம் சுழற்சிகள் என்று குறிப்பிட்டிருந்தது. துப்பாக்கிச் சுடும் விளையாட்டு ஒன்றில் ஸ்டிக் எவ்வளவு அசைகிறது என்று எண்ணிப் பார்த்தால், அந்த ஆயுள் சுமார் 417 மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று அவர்கள் கணக்குச் சொன்னார்கள். தினமும் 2 மணி நேரம் விளையாடினால் ஏழு மாதம்!

சரி, இதற்கு சாஃப்ட்வேரில் வழி இல்லையா? இருக்கிறது. பூஜ்யத்தைச் சுற்றி உள்ள சிறிய எண்களைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்படி கேமில் அமைக்கலாம். இதற்கு டெட் ஸோன் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் புரோகிராமர்களுக்குத் தரும் சிபாரிசு, இடது ஸ்டிக்குக்கு 7849, வலது ஸ்டிக்குக்கு 8689. அதாவது, மொத்த அசைவில் ஏறக்குறைய கால் பங்கு வரை அசைவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆகவே சிறிய டிரிஃப்ட் இருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அது வளர வளர, நீங்களும் டெட் ஸோனைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும். ஒரு கட்டத்தில் மெல்லத் திருப்புவது என்பதே முடியாமல் போய்விடும். பிறகு கீ போர்டுக்கும் கேம்பேடுக்கும் வித்தியாசம் இருக்காது.

உரசாத ஸ்டிக்: ஹால் எஃபெக்ட்

உரசினால்தானே தேயும்? உரசாமலே அளக்க முடிந்தால்? 1879ல் எட்வின் ஹால் என்ற அமெரிக்க இயற்பியலாளர், மின்சாரம் பாயும் தகட்டின் அருகே காந்தத்தைக் கொண்டுவந்தால், அதன் குறுக்கே சிறிய மின்னழுத்தம் உருவாவதைக் கண்டுபிடித்தார். அதுதான் ஹால் எஃபெக்ட். ஸ்டிக்கின் அடியில் ஒரு சிறிய காந்தத்தை வைத்து, எதிரே ஒரு சென்சாரை வைத்துவிட்டால், காந்தம் எவ்வளவு நகர்ந்தது என்று தொடாமலே அளந்துவிடலாம். கரியும் இல்லை, தூளும் இல்லை. எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் வேகத்தைக் கூட்டத் திருகும் கைப்பிடியிலும் பொதுவாக இதே நுட்பம்தான் உள்ளது.

இது கேம்பேடுக்குப் புதிய யோசனையும் இல்லை. சேகா நிறுவனம் 1996ல் சாட்டர்ன் சாதனத்துக்கான தன் 3டி கன்ட்ரோலரிலும், பின்னர் டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலும் இதைப் பயன்படுத்தியது. நடுவில் விலையைக் குறைப்பதற்காக எல்லோரும் பொட்டென்ஷியோமீட்டருக்கே போய்விட்டார்கள். கடந்த சில ஆண்டுகளில் குலிகிட், எய்ட்பிட்டூ போன்ற நிறுவனங்கள் மறுபடியும் ஹால் ஸ்டிக்குகளைக் கொண்டுவந்தன. இன்று நடுத்தர விலை கேம்பேடுகளிலேயே இது கிடைக்கிறது. டிஎம்ஆர் என்று எழுதியிருந்தால் அதுவும் காந்தத்தைக் கொண்டு அளக்கும் இன்னொரு முறைதான். மின்சாரம் குறைவாகச் செலவழிப்பதால் ஒயர்லெஸ் கேம்பேடுகளுக்கு அது இன்னும் நல்லது.

விலைக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 2025ல் வெளிவந்த ஸ்விட்ச் 2 சாதனத்தின் கன்ட்ரோலரில்கூட ஹால் ஸ்டிக் இல்லை. பெரிய பெயரும் பெரிய விலையும் உள்ள கேம்பேடில் உரசும் ஸ்டிக் இருக்கலாம். அதைவிடப் பாதி விலையுள்ளதில் ஹால் ஸ்டிக் இருக்கலாம்.

அட்டைப் பெட்டியைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஹால் எஃபெக்ட் என்று பெரிதாகப் போட்டிருக்கும். கீழே சிறிய எழுத்தில் பார்த்தால் டிரிகர்களுக்கு மட்டும்தான் ஹால் என்று இருக்கும். ஸ்டிக் பழைய முறையிலேயே இருக்கும். நமக்கு முக்கியம் ஸ்டிக். "ஸ்டிக் ஹாலா, டிரிகர் ஹாலா?" என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். ஒரே பெயரில் பழைய மாடலும் புதிய மாடலும் விற்பதும் உண்டு. ஆகவே பெயரை மட்டும் நம்பாமல், உங்கள் கையில் உள்ள பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

ஹால் ஸ்டிக் வாங்கினால் சாகாவரம் கிடைத்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். ஸ்டிக்கை நடுவுக்குக் கொண்டுவரும் ஸ்பிரிங்கும் அதைத் தாங்கும் பிளாஸ்டிக்கும் வழக்கம்போலத் தேயும். ஆனால் முதலில் போகும் பாகம் போகாது. நீண்ட நாள் உழைப்புக்கு அதுவே பெரிய லாபம்.

மலை ஊர், கடலோர ஊர் வாசகர்களுக்கு

எங்கள் பகுதியில் மழைக் காலத்தில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். துணி காயாது, தீப்பெட்டி உரசினால் பற்றாது. காபித் தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள், நன்றாகக் காயவைத்த கொட்டையைக்கூட ஈரம் ஏறாமல் பாதுகாப்பது எவ்வளவு கஷ்டம் என்று. எலெக்ட்ரானிக் சாதனங்களுக்கும் அதே கதைதான். ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை வாசகர்களுக்கும், உப்புக் காற்று வீசும் கடலோர வாசகர்களுக்கும் இது பொருந்தும்.

ஈரம் கேம்பேடை இரண்டு வழிகளில் கெடுக்கிறது.

ஒன்று, மேல் பூச்சு. தொட்டால் வெல்வெட் போல மெத்தென்று இருக்கும் ரப்பர் பூச்சுள்ள கேம்பேடுகள் கடையில் மிகவும் கவர்ச்சியாக இருக்கும். பாலியூரித்தேன் வகைப் பூச்சுகள் காற்றில் உள்ள ஈரத்துடன் சேர்ந்து மெல்லச் சிதையும். ஓரிரு ஆண்டுகளில் பலாப் பழம் உரித்த கை மாதிரி பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பிக்கும். துடைத்தால் போகாது. ஆகவே ஈரமான ஊர்க்காரர்கள் பூச்சு எதுவும் இல்லாத சாதாரணப் பிளாஸ்டிக் உடலுள்ள கேம்பேடையே வாங்குங்கள். பிடிமானத்துக்குச் சொரசொரப்பான புள்ளிகள் பிளாஸ்டிக்கிலேயே அச்சிடப்பட்டிருந்தால் மிகவும் நல்லது.

இரண்டு, பட்டன்களின் அடிப்பாகம். பெரும்பாலான கேம்பேடுகளில் பட்டனுக்கு அடியில் ரப்பர் விரிப்பு ஒன்று இருக்கும். அதில் உள்ள கரித் துண்டு, சர்க்யூட் போர்டில் உள்ள பாதையைத் தொட்டால் பட்டன் அழுத்தப்பட்டதாகக் கணக்கு. டிவி ரிமோட்டிலும் இதே அமைப்புதான். ஈரமும் தூசியும் படிந்தால் பட்டனை ஓங்கி அழுத்தினால்தான் வேலை செய்யும். நல்ல செய்தி என்னவென்றால், இது சுத்தம் செய்தால் சரியாகிவிடும் பழுது. எப்படி என்று பின்னால் பார்ப்போம்.

ஒயர் உள்ளதா, ஒயர்லெஸ்ஸா?

குறைந்த பராமரிப்பு வேண்டுமென்றால் என் சிபாரிசு ஒயர் உள்ளதுதான். சார்ஜ் செய்ய வேண்டியதில்லை, பேட்டரி வீங்கிப்போகும் கவலை இல்லை, இணைத்த உடனே வேலை செய்யும். ஒயர் கேம்பேடின் பலவீனமான இடம் ஒயர் உடலுக்குள் நுழையும் கழுத்துப் பகுதி. பிள்ளைகள் ஒயரைப் பிடித்து இழுத்து, கேம்பேடைச் சுற்றிக் கட்டி வைப்பதால் உள்ளே உள்ள மெல்லிய கம்பி அறுந்துவிடும். எனவே, ஒயரைத் தனியாகக் கழற்றும் வசதி உள்ளதா என்று பாருங்கள். யூஎஸ்பி சி வகை கேபிளாக இருந்தால், ஒயர் அறுந்தாலும் வேறு டேட்டா கேபிளை மாட்டி விளையாட்டைத் தொடரலாம். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்கள் இதற்கு உதவாது.

ஹாலில் டிவியுடன் கம்ப்யூட்டரை இணைத்துத் தள்ளி உட்கார்ந்து விளையாடுபவர்களுக்கு ஒயர்லெஸ் தேவைப்படலாம். அப்போது இந்த மூன்றையும் கவனியுங்கள்.

1. உங்கள் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் புளூடூத் இருக்கிறதா? பல டெஸ்க்டாப்களில் இருக்காது. யூஎஸ்பியில் செருகும் சிறிய ரிசீவருடன் வரும் கேம்பேட் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை.

2. ரிசீவரை நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டின் அருகே செருகாதீர்கள். அந்தப் போர்ட்டில் பென் டிரைவ் வேலை செய்யும்போது எழும் மின் இரைச்சல், ரிசீவர் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடும். கேம்பேட் விட்டு விட்டு வேலை செய்தால் முதலில் ரிசீவரை இடம் மாற்றிப் பாருங்கள். முன் பக்கத்தில் உள்ள கறுப்பு நிற யூஎஸ்பி 2.0 போர்ட் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

3. பேட்டரி எந்த வகை? உள்ளேயே பதித்த லித்தியம் பேட்டரி வசதியானது. ஆனால் சில ஆண்டுகளில் அதன் சக்தி குறையும், மாற்றுவதும் எளிதல்ல. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் போன்றவற்றில் சாதாரண டபுள் ஏ செல்கள் இரண்டு போட்டால் போதும். ரீசார்ஜ் செய்யும் செல்களை வாங்கி மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். பத்து ஆண்டு கழித்தும் அந்த செல் பெட்டிக் கடையில் கிடைக்கும்.

எக்ஸ், டி: சிறிய சுவிட்ச், பெரிய குழப்பம்

"கேம்பேடைச் செருகினேன், விண்டோஸ் கண்டுபிடித்துவிட்டது, ஆனால் கேமில் வேலை செய்யவில்லை" என்று பலரும் சொல்வார்கள். காரணம், கேம்பேடுடன் பேச விண்டோஸில் இரண்டு மொழிகள் உள்ளன. பழைய மொழி டைரக்ட்இன்புட். 2005ல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது அறிமுகமானது எக்ஸ்இன்புட். இன்றைய கேம்கள் எக்ஸ்இன்புட் மொழியையே எதிர்பார்க்கின்றன. 2006ல் வந்து இன்றும் நம் பிள்ளைகள் விடாமல் விளையாடும் ஈஏ கிரிக்கெட் 07 போன்ற பழைய கேம்கள் டைரக்ட்இன்புட் காலத்தவை.

இரண்டு மொழியும் தெரிந்த கேம்பேடை வாங்கினால் கவலை இல்லை. உதாரணமாக, லாஜிடெக் நிறுவனம் 2010ல் கொண்டுவந்த எஃப்310 மாடலின் அடியில் எக்ஸ், டி என்று ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். வேறு பல மாடல்களில் நடு பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் மோடு மாறும். எக்ஸ்இன்புட் மட்டும் உள்ள கேம்பேட் புதிய கேம்களுக்குப் போதும். டைரக்ட்இன்புட் மட்டும் உள்ள கேம்பேட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். தனி சிடி போட்டு டிரைவர் ஏற்ற வேண்டும் என்றாலும் அதே பதில்தான். அடுத்த விண்டோஸ் வரும்போது அந்த டிரைவர் வருமா என்பது யாருக்கும் தெரியாது. விண்டோஸ் தானாக அடையாளம் காணும் கேம்பேடே நல்லது.

நீர்மூழ்கிக் கப்பலில் ஒரு கேம்பேட்!

கேம்பேட் விளையாட்டுச் சாமான்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்கக் கடற்படையில் 2018ல் சேர்க்கப்பட்ட யூஎஸ்எஸ் கொலராடோ என்ற நீர்மூழ்கிக் கப்பலில், கடல் மட்டத்துக்கு மேலே பார்க்க உதவும் கேமராக் கம்பத்தை இயக்குவது எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர். இதற்கு முன் இருந்த கைப்பிடியும் கன்ட்ரோல் பேனலும் சேர்ந்து 38,000 டாலர் ஆயின. கன்ட்ரோலரின் விலை 30 டாலருக்கும் குறைவு. அது கெட்டால் எந்த ஊர்க் கடையிலும் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். இளம் வீரர்களுக்குப் பயிற்சியும் அதிகம் தேவைப்படவில்லை.

நமக்கும் இதில் பாடம் உண்டு. பராமரிப்பு எளிதாக இருக்க வேண்டுமென்றால், பலரும் பயன்படுத்தும் மாடலை வாங்குங்கள். அதற்கு உதிரி ஸ்டிக், ரப்பர் விரிப்பு, கேபிள் எல்லாம் கிடைக்கும். பெயரே கேள்விப்படாத ஒன்றுக்கு எதுவும் கிடைக்காது.

வாங்கிய அன்றே சோதியுங்கள்

கேம்பேடை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கேமைத் திறக்காதீர்கள். முதலில் விண்டோஸிலேயே உள்ள சோதனையை நடத்துங்கள். இது விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உண்டு.

1. கேம்பேடை இணைக்கவும்.

2. விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஆர் கீயை அழுத்தவும். ரன் பாக்ஸ் கிடைக்கும்.

3. அதில் ஆங்கிலத்தில் ஜே, ஓ, ஒய், புள்ளி, சி, பி, எல் என்று இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டவும்.

4. கேம் கன்ட்ரோலர்ஸ் விண்டோவில் உங்கள் கேம்பேடின் பெயர் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து ப்ராபர்ட்டீஸ் பட்டனில் கிளிக் செய்யவும்.

5. டெஸ்ட் டேபில் ஒரு கட்டமும் அதற்குள் சிறிய கூட்டல் குறியும் தெரியும். கையை எடுத்துவிட்டால் குறி நடுவில் நிற்க வேண்டும்.

6. ஸ்டிக்கை மேல், கீழ், இடம், வலம் என ஒவ்வொரு பக்கமும் முழுவதும் தள்ளிப் பட்டென்று விடவும். ஒவ்வொரு முறையும் குறி நடுவுக்கே திரும்புகிறதா? மயிரிழை விலகினால் பரவாயில்லை. பளிச்சென்று தெரியும்படி விலகினாலோ, தொடாமலே நடுங்கினாலோ அந்த கேம்பேட் வேண்டாம்.

7. எல்லாப் பட்டன்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கவும். எண்கள் உள்ள சிவப்பு விளக்குகள் எரியும்.

எக்ஸ்பாக்ஸ் வகை கேம்பேடில் இரண்டு டிரிகர்களையும் சேர்த்து இழுத்தால், இந்த விண்டோவில் கோடு நகராமல் நடுவிலேயே நிற்கும். அது பழுது அல்ல. பழைய டைரக்ட்இன்புட் முறையில் இரண்டு டிரிகர்களும் ஒரே அளவுகோலைப் பங்கிட்டுக்கொள்வதால் அப்படித் தெரிகிறது. தனித்தனியாக இழுத்துப் பாருங்கள்.

ஆன்லைனில் வாங்கியவர்கள் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையை முடித்துவிட வேண்டும். கடையில் வாங்குபவர்கள் அங்கே உள்ள கம்ப்யூட்டரிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான். சேலம் வரை வந்தவர், ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்தி இன்னொரு முறை மலை இறங்க வேண்டாம்.

மாதம் பத்து நிமிடம் போதும்

• பஜ்ஜி, முறுக்கு சாப்பிட்ட கையோடு விளையாட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எண்ணெயும் உப்பும் பட்டன் இடுக்கில் இறங்கினால் எறும்பும் பின்னாலேயே வரும்.

• மாதம் ஒரு முறை, காய்ந்த பழைய டூத் பிரஷ்ஷால் ஸ்டிக்கைச் சுற்றியும் பட்டன் இடுக்குகளிலும் தூசியைத் தட்டிவிடுங்கள். பிறகு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சில துளிகள் விட்ட துணியால் துடையுங்கள். தண்ணீர் வேண்டாம். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எதையும் ஸ்டிக்கில் விடாதீர்கள். தூசி ஒட்டிப் பிடித்துக்கொள்ளும்.

• மழைக் காலத்தில் விளையாடி முடித்ததும் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட் இரண்டு போட்டு வைக்கவும். புதுச் செருப்பு, பை வாங்கும்போது உள்ளே இருக்கும் பாக்கெட்தான் அது. சிறு குழந்தைகளுக்கு எட்டாமல் இருக்கட்டும்.

• கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்துவிட்டதா? டபுள் ஏ செல்களைக் கழற்றி வையுங்கள். செல் கசிந்தால் உள்ளே உள்ள தகடு அரித்துவிடும். லித்தியம் பேட்டரி என்றால் பாதி சார்ஜில் வைப்பது நல்லது.

• இடி மின்னல் நேரத்தில் கம்ப்யூட்டர், மோடம் இரண்டையும் பிளக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

• வாரன்டி முடிந்த பிறகு பட்டன் சரியாக அழுந்தவில்லை என்றால், பின் பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, ரப்பர் விரிப்பையும் போர்டையும் அதே ஆல்கஹாலால் துடைத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ டிரைவரில் கழலும் கேம்பேட் என்றால் நீங்களே செய்யலாம். வாரன்டி இருக்கும்போது திறக்க வேண்டாம்.

யாருக்கு எது?

எட்டு வயதுக்குள் உள்ள பிள்ளைகள், எப்போதாவது விளையாட்டு: ஒயர் உள்ள, எக்ஸ்இன்புட் வேலை செய்யும், பூச்சு இல்லாத எளிய கேம்பேட் போதும். இந்த வயதில் கேம்பேட் டிரிஃப்டால் சாவதைவிடக் கீழே விழுந்து சாவதுதான் அதிகம். விலை உயர்ந்தது வேண்டாம்.

தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் விளையாடும் வீடு: ஒயர் உள்ள அல்லது ஒயரைக் கழற்றக்கூடிய, ஹால் அல்லது டிஎம்ஆர் ஸ்டிக் உள்ள கேம்பேட். நம் நாட்டு காஸ்மிக் பைட், எவோஃபாக்ஸ் பெயர்களிலும், எய்ட்பிட்டூ, குலிகிட் பெயர்களிலும் தேடிப் பாருங்கள். உதாரணமாக, 900 ரூபாய் கேம்பேட் ஆண்டுக்கு ஒன்று தேய்ந்தால் மூன்று ஆண்டில் 2700 ரூபாய், மூன்று முறை கடைக்கு அலைச்சல். அதே பணத்தில் ஒரே ஒரு ஹால் கேம்பேட் வாங்கிவிடலாம்.

டிவியில் இணைத்துக் குடும்பமாக விளையாடும் வீடு: யூஎஸ்பி ரிசீவருடன் வரும் ஒயர்லெஸ். டபுள் ஏ செல் போடும் வகையா, கேபிளிலும் இயங்கும் வகையா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று அவசியம் இருக்க வேண்டும். எக்ஸ்இன்புட் முறையில் ஒரே நேரத்தில் நான்கு கேம்பேடுகள் வரை இணைக்கலாம்.

பிரபல நிறுவனங்களின் பெயரைப் போட்ட போலிகளும் விற்பனையில் உண்டு. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் எண்ணூறு ரூபாய் என்று யாராவது சொன்னால், அது எக்ஸ்பாக்ஸ் இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில்லில் மாடல் பெயரும் வாரன்டி காலமும் எழுதியிருக்க வேண்டும். வாரன்டி இருந்தும் மாற்றித் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்யலாம்.

கேம்பேட் தயார். எந்த கேமில் தொடங்குவது? சூப்பர் டக்ஸ் கார்ட் என்ற பந்தய விளையாட்டை இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். இது ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர்; பெரிய கிராபிக்ஸ் கார்டு கேட்காது; ஒரே திரையைப் பிரித்துப் பலர் சேர்ந்து ஓட்டலாம். அதன் ஆப்ஷன்ஸ் மெனுவில் கன்ட்ரோல்ஸ் பகுதிக்குப் போய் உங்கள் கேம்பேடைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பட்டனுக்கும் என்ன வேலை என்று அமைத்துக்கொள்ளவும். அண்ணனுக்கு ஒரு கேம்பேட், தம்பிக்கு ஒரு கேம்பேட். கீ போர்டில் அக்கா தன் அசைன்மென்டை நிம்மதியாக டைப் செய்யட்டும், விளையாட்டு முடிந்த பிறகு!